பரவாயில்லை அக்காவின் விண்ணப்பம்

ஒரு தும்மலுக்கு ஊரைக் கூட்டுகிறவர்களைப் பற்றி இதுவரை பலர் எழுதித் தள்ளிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அவர்களுக்கு நேர் எதிரான ஓர் இனத்தைப் பற்றி. முதுகில் கோடாலி செருகியிருக்கும், "ஐயோ, கோடாலி!" என்று நீங்கள் அலறுவீர்கள்; "அது கிடக்கட்டும், நீங்க சாப்பிட்டீங்களா?" என்று அவர்கள் விசாரிப்பார்கள். இவர்களுக்குப் பரவாயில்லைக்காரர்கள் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பேருந்தில் இடம் காலியாக இருக்கும், உட்கார மாட்டார்கள். அடுத்த நிறுத்தத்தில் யாராவது ஏறலாம் அல்லவா? மருத்துவரிடம் போனால், பாவம், அவர் களைத்திருக்கிறார் என்று பாதி வியாதியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். மீதி? அடுத்த முறை, அவருக்குக் கூட்டமில்லாத நாளாகப் பார்த்து. காலை யாராவது மிதித்துவிட்டால் மன்னிப்புக் கேட்பது யார் என்கிறீர்கள்? இவர்கள்தான். மிதித்தவருக்குச் செருப்பு வழுக்கியிருக்குமோ என்று கவலை வேறு.

இந்த இனத்தில் ஒருத்தியை எனக்குத் தெரியும். வயது நாற்பத்தாறு. பெரிய மருத்துவமனைக்கு எதிர்வரிசையில் இருக்கும் மருந்துக் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை. மருத்துவர் எழுதிய சீட்டை வீட்டில் மறந்து வந்தவரிடம், "பரவாயில்லை, போய் எடுத்துட்டு வாங்க, கடை சாத்த நேரமிருக்கு" என்பாள். நனைந்த குடையைக் கவுண்டர் மேல் வைத்து நாலு டப்பாக்களை ஈரமாக்கியவரிடமும் அதே பரவாயில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது குடும்ப அட்டையில் பத்திரமாக இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் பரவாயில்லை அக்கா.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு நாள், மேல் தட்டிலிருந்து குளுக்கோஸ் பாட்டில் பெட்டியை இறக்கும்போது அக்காவின் இடுப்பில் ஏதோ சுளுக்கென்றது. முதுகெலும்புக்கு நடுவே மெத்தை போல இருக்க வேண்டிய ஒன்று பிதுங்கிக்கொண்டு நரம்பை மிதிக்கிறது என்று படம் எடுத்துப் பார்த்த மருத்துவர் சொன்னார். அன்று இடுப்பில் கால் வைத்த வலி, மெல்ல இடது தொடைக்கு இறங்கி, முழங்காலைக் கடந்து, குதிகால்வரை வீடு பிடித்துக்கொண்டது. வைத்தியம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. சில நாள் குறையும், சில நாள் கூடும், போகாது.

வலியைப் போக்க முடியவில்லை என்றதும் அக்கா அதை மறைப்பதில் தேர்ச்சி பெற்றாள். மருந்துச் சீட்டை வாங்கியதும் இரண்டு முழங்கைகளையும் கவுண்டரில் ஊன்றி, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பாள். "இந்த அக்கா மாதிரி பொறுப்பா சீட்டைப் பாக்கிறவங்க கிடையாது" என்று மருத்துவமனை முழுக்கப் பேச்சு. இடுப்பின் பாரத்தை முழங்கைக்கு மாற்ற அவள் கண்டுபிடித்த வழி அது. கீழே ஏதாவது விழுந்தால் உடனே எடுக்க மாட்டாள். பேனா விழும், விழட்டும். ரப்பர் வளையம் விழும், விழட்டும். ஐந்து பொருள் சேர்ந்த பிறகு, மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே குனிதலில் அத்தனையையும் அள்ளிவிடுவாள். கடையில் மற்றவர்கள் இதைச் சிக்கனம் என்று நினைத்தார்கள். எதில் சிக்கனம் என்று யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

இவ்வளவுக்கும் அடுத்தவர் வலி என்றால் அக்காவுக்குப் பாம்புக் காது. வாசலில் ஒருவர் படி ஏறும் விதத்திலேயே எந்த முட்டி என்று சொல்லிவிடுவாள்.

கடை முதலாளி நல்லவர். நல்லவர்கள் செய்யும் தொல்லைக்குத் தனியாக ஓர் அகராதி போடலாம். இந்த வருடத் தொடக்கத்தில் அவர் கடையைப் புதுப்பித்தார். கண்ணாடி, வெள்ளை வெளிச்சம், மார்பளவு உயரத்துக்குப் புதுக் கவுண்டர். பழைய கவுண்டருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் முக்காலி இருந்தது. கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அக்கா அதில் ஐந்து நிமிடம் உட்காருவாள். புதுப்பித்த பிறகு முக்காலி பின்கட்டுக்குப் போய், அதன்மேல் தரை துடைக்கும் வாளி குடியேறியது.

"உக்காந்துக்கிட்டு மருந்து குடுத்தா கடை தூங்குதுன்னு நெனச்சுடுவாங்கம்மா. அப்புறம், சாயங்கால ஷிஃப்டுக்கும் ஆள் இல்ல. ரெண்டையும் நீயே பாத்துக்க. முடியுமில்ல?"

என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கே அக்காவின் நாத்தனாரை அறிமுகப்படுத்த வேண்டும். கணவரின் தங்கை, வக்கீல் அலுவலகம் ஒன்றில் தட்டச்சு வேலை, அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பு. அக்காவிடம் குறைந்துபோன வாயை ஆண்டவன் வீணாக்காமல் இவளிடம் சேர்த்துக் கொடுத்திருந்தான். இரண்டு ஷிஃப்டு சேதி காதில் விழுந்த அன்றே அவள் ஒரு படிவத்தோடு வந்து நின்றாள். உழைப்பாளர் நல அலுவலகத்தில் ஓர் உதவித் திட்டம் இருக்கிறதாம். தீராத வலியோடு வேலை பார்க்கிறவர் என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால் அரை நாள் வேலை போதும். மீதி அரை நாளுக்கு மாதாமாதம் உதவித்தொகை வரும். வேலை செய்யுமிடத்தில் நாற்காலி போட வேண்டியது முதலாளியின் பொறுப்பு.

"ஐயையோ, அதெல்லாம் நிஜமாவே முடியாதவங்களுக்கும்மா" என்றாள் அக்கா. "அவங்க இடத்தை நான் புடிச்சுக்கிட்டா நல்லா இருக்குமா?"

"முடியாதவங்கன்னா யாரு அண்ணி?"

"நிக்கவே முடியாதவங்க."

"நீங்க நிக்கிறீங்களா?"

"நிக்கிறேனே!"

"சமையல் மேடையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. கையை எடுங்க பாக்கலாம்."

அக்கா கையை எடுக்கவில்லை. அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

நாத்தனார் விடாமல் நச்சரித்ததில் படிவத்தை நிரப்ப ஒப்புக்கொண்டாள். எழுதி முடித்ததும் தன்னிடம் காட்ட வேண்டும் என்று நாத்தனார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் அன்றைக்குப் பார்த்து நாத்தனாருக்கு அலுவலகத்தில் வேலை அதிகம். அவளை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்? அக்காவே நிரப்பி, தானே போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள். தபால் நிலையம் வரை நடை. திரும்பியபோது இடது பாதம் மரத்துப்போயிருந்தது.

எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று படிவம் கேட்டிருந்தது. 'எவ்வளவு தூரம் வேண்டுமானாலும், மெதுவாக' என்று எழுதினாள். பாரம் தூக்க முடியுமா? 'தேவைப்பட்டால்.' அன்றாட வேலைகளில் பிறர் உதவி தேவைப்படுகிறதா? 'நான் யாரையும் தொந்தரவு செய்வதில்லை.' தற்போதைய உடல்நிலை பற்றிச் சொந்த வார்த்தைகளில் எழுதுக என்று அரைப் பக்கம் விட்டிருந்தார்கள். அந்த அரைப் பக்கத்தின் நடுவில், தனியாக, அழகான கையெழுத்தில் ஒரே ஒரு சொல். எந்தச் சொல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. விண்ணப்பதாரரே தெரிவித்துள்ளபடி அவரது உடல்நிலை திருப்திகரமாக இருப்பதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

"ரொம்ப மரியாதையா எழுதியிருக்காங்க, பாரேன்" என்றாள் அக்கா.

நாத்தனார் கடிதத்தைப் படித்தாள். பிறகு, அக்கா வைத்திருந்த நகலைப் படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். அக்கா எழுந்தாள்.

"நீங்க எழுந்திரிக்காதீங்க!"

பள்ளி வேன் ஓட்டும் அக்காவின் கணவர் வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எங்கிட்டயே சொல்ல மாட்டா, ஆபீசுக்கா சொல்லப் போறா? கால் வலிக்குதான்னு கேட்டா, உங்களுக்கு வலிக்குதா, தைலம் தேச்சு விடட்டுமான்னு திருப்பிக் கேப்பா. இருபது வருஷமா எனக்குத்தான் தைலம்."

மேல்முறையீட்டுக்கு நாத்தனார் தானே பொறுப்பெடுத்துக்கொண்டாள். முதல் வேலையாக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, தினமும் வலியை எழுதச் சொன்னாள். ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால், திங்கள்: பரவாயில்லை. செவ்வாய்: பரவாயில்லை. புதன்: நேற்றைக்கு இன்று பரவாயில்லை. வியாழக்கிழமை மட்டும் 'கொஞ்சம்' என்றிருந்தது.

"கொஞ்சம் என்ன அண்ணி?"

"கொஞ்சம்னா கொஞ்சந்தான்."

"அன்னைக்குத்தானே பாத்ரூம்ல குனிய முடியாம, அண்ணன் வந்து உங்களுக்குக் கால் அலம்பி விட்டாரு?"

"அதான் கொஞ்சம்னு எழுதியிருக்கேனே!"

ஒத்திகையும் நடந்தது. நாத்தனார் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரியாக உட்கார்ந்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு, "வாங்கம்மா, எப்படி இருக்கீங்க?" என்றாள். "நல்லா இருக்கேங்க, நீங்க எப்படி இருக்கீங்க?" என்றாள் அக்கா. பதினோரு முறை ஒத்திகை பார்த்தார்கள். பதினோரு முறையும் அதிகாரி நலம் விசாரிக்கப்பட்டார்.

இப்படியே போயிருந்தால் மேல்முறையீடும் தோற்று, அக்கா இரண்டு ஷிஃப்டும் நின்றே தேய்ந்திருப்பாள். நடுவில் ஒரு காரியம் நடந்தது.

அன்றைக்கு மதியத்திலிருந்தே காலில் நெருப்புக் கம்பியை இழுத்துவிட்டது போல இருந்தது. சாயங்காலக் கூட்டம். வாராவாரம் இரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் தொப்பிக்காரர் வந்தார். தலையில் எப்போதும் கம்பளித் தொப்பி, வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. அக்கா திரும்பி, அலமாரியைப் பிடித்துக்கொண்டு, மாத்திரை அட்டையை எடுத்து, உறையில் போட்டுக் கொடுத்தாள். அவர் போய்விட்டார். அடுத்தவருக்கு மருந்து எடுக்கக் கை நீட்டியபோதுதான் கண்ணில் பட்டது: தொப்பிக்காரரின் மாத்திரை எடுக்கப்படாமல் அப்படியே இருந்தது. குறைந்திருந்தது பக்கத்துப் பெட்டி. சர்க்கரை வியாதிக்கான மாத்திரை. தொப்பிக்காரருக்குச் சர்க்கரையே கிடையாது.

பத்தொன்பது வருடத்தில் நடக்காதது. அக்கா ஓடினாள். நடந்தாள் என்றல்ல, ஓடினாள். சாலை முக்கில், பச்சை விளக்குக்காகக் காத்துக்கொண்டிருந்த தொப்பிக்காரரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"ஐயா, அதைக் குடுங்க! தப்பாக் குடுத்துட்டேன்!"

அவர் உறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்தார். "பரவாயில்லம்மா."

அக்காவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "என்னங்க பரவாயில்ல? எதுங்க பரவாயில்ல? இதைப் போட்டிருந்தா மயங்கி விழுந்திருப்பீங்க! வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க!" என்று நடுத்தெருவில் கத்தினாள். தொப்பிக்காரர் பயந்துபோய்த் தொப்பியைக் கழற்றிவிட்டார். பச்சை விளக்கு வந்தது; யாரும் சாலையைக் கடக்கவில்லை; எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்கு மேல் கடைக்குத் திரும்பி நடக்க முடியவில்லை. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். தொப்பிக்காரர்தான் போய்ச் சரியான மாத்திரையைத் தானே வாங்கிக்கொண்டு, முதலாளியையும் கூட்டி வந்தார். காத்திருந்த நேரத்தில் அக்கா யோசித்தாள். தன் இடுப்பு தன்னோடு போகட்டும் என்றுதான் இத்தனை நாள் இருந்தாள். ஆனால் அது தன்னோடு போகவில்லையே? உறைக்குள் ஏறி, இன்னொருவர் வீட்டுக்குப் போகப் பார்த்ததே? நாத்தனாரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஏம்மா, அந்த அதிகாரிகிட்ட என்ன சொல்லணும்னு சொன்ன? மறுபடி ஒரு தடவ சொல்லு."

மேல்முறையீட்டு நாள். நீளமான அறை, சுவரோரம் பெஞ்சுகள், கையில் எண் சீட்டு. யார் உள்ளே வந்தாலும் அக்கா எழுந்து இடம் விடப் பார்த்தாள். நாத்தனார் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். "உக்காருங்க அண்ணி. உக்காரத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம்."

உள்ளே, மருத்துவக் குழுவின் சார்பில் ஒரு பெண் மருத்துவர். ஐம்பது வயது இருக்கும். மேசையில் மலை மாதிரிக் கோப்புகள். நிமிராமலே, "வாங்க, எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கேன் டாக்டர்" என்றது அக்காவின் வாய். பழக்கம்! நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லா இருக்கீங்களா? அப்புறம் எதுக்கு வந்திருக்கீங்க?"

நியாயமான கேள்வி. அக்கா வாயைத் திறந்தாள். ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட வரவில்லை. மருத்துவர் அக்காவின் கோப்பை எடுப்பதற்காக இடப்பக்கம் திரும்பினார். தலை மட்டுமல்ல, தோள், முதுகு, நாற்காலி எல்லாம் சேர்ந்து திரும்பின. அக்காவின் கண் அதைப் பிடித்துக்கொண்டது.

"டாக்டர், கழுத்து எத்தனை நாளா?"

"எது? ஓ, இதா? இது பரவாயில்லம்மா."

நாத்தனாருக்குச் சிரிப்பு புரையேறி இருமல் வந்துவிட்டது. மருத்துவர் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார், கோப்பைத் திறந்தார், பழைய படிவத்தில், அரைப் பக்கத்தின் நடுவில் இருந்த அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"மருந்துக் கடையில இருக்கீங்க இல்ல? என்னை மாதிரி யாராவது வந்து, ஒண்ணுமில்லன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"நம்ப மாட்டேன் டாக்டர்."

"ஏன்?"

"பாத்தாலே தெரியுமே! ஒண்ணுமில்லம்பாங்க, ஆனா பையைக் கையில வெச்சுக்க மாட்டாங்க, வந்த உடனே கவுண்டர் மேல வெச்சிடுவாங்க. ஒரு கால்ல பாரத்தைப் போட்டு நிப்பாங்க. பேசும்போது நடுவுல ஒரு நொடி நிறுத்துவாங்க, அப்பத்தான் இழுக்குதுன்னு அர்த்தம். படியிறங்குறப்போ ஒரு கால் முதல்ல, அப்புறம் இன்னொண்ணு அதே படிக்கு வரும். செருப்பை மாட்டக் குனிய மாட்டாங்க, காலாலயே துழாவுவாங்க. காலையில எழுந்ததும் கட்டில் ஓரத்துல அரை மணி உக்காந்தாத்தான் நிக்க முடியும். ராத்திரி ஒரே பக்கமாத்தான் படுக்கணும், புரண்டா முழிப்பு வந்துடும். சமைக்கிறப்போ மூணு தடவ உக்காரணும். பஸ்ல பிரேக் போட்டா உயிர் போயிடும். வேலையில ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னா காலு தன்னோடதான்னு தெரியாது. கவனம் சிதறும். ஒரு நாள் தப்பான மாத்திரையை எடுத்துக் குடுத்துட்டு, அந்தப் பெரியவர் பின்னாடி ஓடணும்..."

அக்கா நிறுத்தினாள்.

மருத்துவர் எப்போதோ பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்திருந்தார். தலை நிமிராமலே கேட்டார்: "கடைக்கு வந்த இவங்க யாரு?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். நாத்தனார் அதுவரை பிடித்திருந்த முந்தானையை விட்டாள்.

"நான்தான் டாக்டர்" என்றாள் அக்கா. "எனக்கு வலிக்குது."

சொன்னதும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். சிரிப்புதான் வந்தது. ஏழு வருடமாக வாய்க்குள் வைத்திருந்த கல்லைத் துப்பியது போல இருந்தது. பிறகு மருத்துவர் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பார்த்து, ஊசியால் குத்திப் பார்த்து, படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அவர் செய்ய வேண்டிய சோதனைகளை ஒன்று விடாமல் செய்தார். கிளம்பும்போது அக்கா அவர் கழுத்துக்கு எந்தத் தலையணை, எவ்வளவு உயரம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். மருத்துவர் அதையும் எழுதிக்கொண்டார்.

சான்று வந்தது. அரை நாள் வேலை, மீதிக்கு உதவித்தொகை, கடையில் நாற்காலி, ஒரு வருடம் கழித்து மறுபடி சோதனை. முதலாளி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், புதுக் கவுண்டர் உயரத்துக்குத் தோதாக, சாய்மானமும் கால் வைக்கக் கம்பியும் உள்ள உயர நாற்காலி ஒன்றை அவரே தேடிப் பிடித்து வாங்கி வந்தார். "அன்னைக்கு நீ நடைபாதையில உக்காந்திருந்ததைப் பாத்தேம்மா. முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?" என்று முணுமுணுத்தார். சாயங்கால ஷிஃப்டுக்கு இன்னொரு பெண்ணும் வந்து சேர்ந்தாள்.

முதல் வாரம் யார் வந்தாலும் அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். இரண்டாம் வாரம் பாதி எழுந்தாள். மூன்றாம் வாரம் தொப்பிக்காரர் வந்தபோது, உட்கார்ந்தபடியே கை நீட்டிச் சீட்டை வாங்கினாள். கடை தூங்குகிறது என்று யாரும் சொல்லவில்லை. அக்கா இல்லாத சாயங்காலங்களில் அந்த நாற்காலியில் உட்காருவது யார் தெரியுமா? முதலாளி. அவருக்கு முட்டி. வலது முட்டி என்று அக்கா எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவர்தான் ஒத்துக்கொள்வதில்லை.

நோட்டுப் புத்தகத்தில் இப்போது வேறு மாதிரி எழுதுகிறாள். 'இன்று குதிகால் வரை இழுத்தது. பாத்திரம் தேய்க்கவில்லை. அவரைத் தேய்க்கச் சொன்னேன். இரண்டு தட்டில் சோப்பு போகவில்லை, திருப்பித் தேய்க்கச் சொன்னேன்.' கணவர் புகார் சொல்வதில்லை. தைலமும் இப்போது கைமாறிவிட்டது.

கதை இவ்வளவுதான். "பாவம், இப்படியும் ஒருத்தியா!" என்று நீங்கள் உச்சுக் கொட்டுவது கேட்கிறது. கொட்டுங்கள். ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து நீங்கள் மூன்று முறை இடம் மாறி உட்கார்ந்ததையும், இடது கையால் வலது தோளை அமுக்கிவிட்டுக்கொண்டதையும் நான் பார்க்காமல் இல்லை. போன வருடம் மருத்துவர் எழுதிக் கொடுத்த அந்தப் பரிசோதனை என்ன ஆயிற்று? சீட்டு எந்த இழுப்பறையில் கிடக்கிறது? பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டில் விருந்தாளி, அலுவலகத்தில் ஆள் குறைவு, எல்லாம் சரிதான். நாளைக் காலை யாராவது ஒருவர், உங்களைப் பிடித்த ஒருவர், "என்ன, ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்கப் போகிறார். பதில் இப்போதே உங்கள் நாக்கின் நுனியில் வந்து நிற்கிறது.

எங்கே, சொல்லாமல் இருங்கள் பார்க்கலாம்.